பெட்ரோல் தின்றது யார்

என் தம்பி பெட்ரோல் திருடுகிறான் என்று ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் வந்து சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன், தீர்ப்பையும் நானே எழுதினேன். சந்தேகப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால்காரரின் சொம்பில் விரல் விட்டுப் பார்ப்பவள் நான். தராசுத் தட்டைத் திருப்பி, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரிக்காய் வாங்குவேன். ஆந்திரப் பக்கம் எங்கள் ஊரான புத்தூரின் சந்தையில் என்னைத் தூரத்தில் கண்டதுமே தராசைத் தாங்களாகவே கவிழ்த்துக் காட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் அங்கேதான் இருந்தார்கள். அவர் அனுப்பியதை வைத்து சென்னையில் கைமாறிய ஒரு காரை வாங்கினோம். யாத்திரைக்காரர்களைத் திருமலைக்கு ஏற்றிப்போய், தரிசனம் முடிந்ததும் இறக்கிக் கொண்டுவருகிற தொழில். பழைய கார்களைப் போல் கார்புரேட்டர் இல்லாமல், எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிற வண்டி. தம்பி ஓட்டினான். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா போன பிறகு அவன் என் வீட்டில்தான் இருந்தான். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்தில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தோம். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், தட்டு மாற்றுவது மட்டும்தான் பாக்கி.

வண்டி வந்த புதிதில் டாங்கை நிரப்பினால் புத்தூரிலிருந்து திருமலைக்கு நான்கு நடை போய்வரும். தீபாவளி கழிந்ததும் அது மூன்றாகக் குறைந்தது. மூன்றாவது நடை திரும்பி வரும்போதே முள் அடியில் படுத்துவிடும்.

"யக்கா, வண்டி பெட்ரோல் ஜாஸ்தி துன்னுது. மலை ஏறும்போது கறுப்பா புகை வருது. எங்கனா காட்டணும்" என்றான் தம்பி.

"வண்டி துன்னுதா, நீ துன்றியா?" என்று கேட்டேன்.

கேலியாகத்தான் கேட்டேன். அவனும் சிரித்தான். ஆனால் கேட்ட பிறகு அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏன் சிரித்தான்? குற்றமில்லாதவன் என்றால் கோபம்தானே வர வேண்டும்? அன்றிலிருந்து அவன் காலையில் குளிக்கப் போகும்போது நான் கார் கதவைத் திறந்து கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு வருவேன். துவைக்கப் போடும் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். பெட்ரோல் வாடை அடித்தது. டியூப் போட்டு உறிஞ்சினால்தானே சட்டையில் வாடை வரும் என்று நினைத்தேன். காருக்குள்ளேயே அந்த வாடை இருந்தது என்பது என் மூளையில் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்கு நான் பூஜை செய்வேன். வண்டி வாங்கிய நாளில் திருமலை அடிவாரத்து அலிபிரியில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். பூசாரி பானெட் மேல் குங்குமம் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. அது வெறும் தகரம், ஓடுவது எஞ்சின், அதற்குத்தானே பூஜை வேண்டும் என்று பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே மஞ்சள் தண்ணீர் தெளிக்க வைத்தேன். அதன் பிறகு வீட்டிலும் அதே முறைதான். பூசாரி விரலால் தெளித்தார், நான் செம்பால் ஊற்றினேன். மகாலட்சுமிக்குக் கஞ்சத்தனம் கூடாதல்லவா?

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "யக்கா, அதுல கம்ப்யூட்டர் ஒயர்லாம் கீது. தண்ணி ஊத்தாத. பானெட்ட தொறக்காத, வெளிய பொட்டு வெச்சா போதும்" என்றான்.

பானெட்டைத் திறக்காதே என்கிறான்! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். உள்ளே என்ன மாற்றி வைத்திருக்கிறான்? நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையதைப் போட்டிருக்கிறானா? அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் சீக்கிரம் எழுந்து, பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு சாமானாக உற்றுப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு செம்பு சேர்த்து ஊற்றினேன்.

தை பிறந்ததும் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. திருப்பதியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றான் தம்பி. நானும் வருவேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்த மெக்கானிக் கார்புரேட்டர் காலத்து ஆள். பாட்டரி பக்கத்தில் தொங்கிய ஒரு சின்ன பிளக்கில் குறிப்பிட்ட இரண்டு துளைகளை ஒயர் துண்டால் இணைத்தார். சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. அணையாமல் எரிந்த விளக்கு இப்போது கண் சிமிட்டியது. அவர் கையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிமிட்டல், ஒரு இடைவெளி, பிறகு நான்கு சிமிட்டல். திரும்பவும் அதே ஒன்று, நான்கு. அவர் அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினார்.

"கம்ப்யூட்டர் போயிந்தக்கா. மார்ச்சாலி" என்று தெலுங்கில் சொன்னார். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமாம். சொல்லும்போது தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பியும் தலையாட்டினான். போதாதா எனக்கு? வேலிக்கு ஓணான் சாட்சி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் பெண்ணின் அப்பா வந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. தம்பி சவாரி போயிருந்தான். காபி குடித்துவிட்டு, "எப்பம்மா தட்டு மாத்திக்கலாம்? பையன பத்தி நீதான் சொல்லணும், உன் கூடவே கீறான்" என்றார்.

நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் பொறுங்க மாமா. எங்க வண்டி பெட்ரோல் ஜாஸ்தி துன்னுது. யார் துன்றாங்கன்னு தெரிஞ்சிக்கினு அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏன் இல்லை என்று தம்பிக்குத் தெரியாது. இரண்டு முறை என்னைக் கேட்டான். பேசுவாங்க, இரு என்றேன்.

மெக்கானிக்கும் தம்பியும் சேர்ந்து சொன்ன பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்காகவே தனியாக பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நச்சரித்து, அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள், அதுவும் தெலுங்கு மீடியம். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். சிமிட்டலுக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஒன்று, நான்கு என்றால் கம்ப்யூட்டர் என்று போட்டிருக்கவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரின் சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சார் என்று போட்டிருந்தது. மெக்கானிக் சொன்னது தப்பு என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! தம்பியும் மாட்டினான் என்றே நினைத்தேன்.

பங்குனியில் தம்பி லைசென்ஸ் புதுப்பிக்கச் சித்தூருக்கு பஸ்ஸில் போன நாளில் நான் காரியத்தில் இறங்கினேன். வெயில் நன்றாக அடித்தது. கார் ஷெட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விட்டால் அந்தப் புகையே ஆளைக் கொன்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். பாட்டரியில் உலோகம் பட்டால் பொறி பறக்கும் என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. வளையலைக் கழற்றினேன், தாலிச் சரடை ஜாக்கெட்டுக்குள் தள்ளினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. காரை நம்பாமல் இவ்வளவும் செய்தேன். பார்க்கப்போனால் என் சந்தேகம் உருப்படியாக உதவியது அன்று ஒரு நாள்தான்.

படத்தில் காட்டியிருந்த இரண்டு துளைகள்தானா என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு ஒயரை மாட்டினேன். துளை மாறினால் கம்ப்யூட்டர் நிஜமாகவே போய்விடும். உள்ளே கையை விட்டு சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யவில்லை, சாவியை மட்டும்தான் திருப்பினேன். முன்பக்கத்தில் உர்ரென்று ஒரு சத்தம். பதறிப்போய்ப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது. முந்தானையை இடுப்பில் சொருகியிருந்ததால் பிழைத்தேன். தொங்கவிட்டிருந்தால் இழுத்திருக்கும்.

பயம் தெளிந்ததும் யோசித்தேன். முந்தின நாள் மாலையிலிருந்து ஓடாத வண்டி. எஞ்சினைத் தொட்டால் அம்மிக்கல் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. இதற்கு எதற்கு ஃபேன்? விளக்கு சிமிட்டியது. ஒன்று, நான்கு. அதே ஒன்று, நான்கு.

சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஜெராக்ஸைத் திரும்பவும் படித்தேன். அந்தச் சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட விடுமாம். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் குளிர்ந்து கிடப்பதாக எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றுமாம். கறுப்புப் புகை வரும், வாடை அடிக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்று வரிசையாக எழுதியிருந்தது. தம்பி சொன்ன அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது.

பாட்டரியின் மைனஸ் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து அந்தச் சென்சாரைத் தேடினேன். எஞ்சின் மேலேயே, தண்ணீர்க் குழாய் சேருகிற இடத்தில் இருந்தது. நான் செம்பைச் சாய்க்கிற அதே இடம். அதில் மாட்டியிருந்த பிளக்கின் கொக்கியை அழுத்தி இழுத்தேன். உள்ளே இரண்டு ஊசி இருக்க வேண்டும். ஒன்று பச்சையாகக் களிம்பு பிடித்து அரித்திருந்தது. அதன் மேல் மஞ்சள் காய்ந்து ஏடாகப் படிந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குங்குமமும் இருந்தது.

பெட்ரோல் தின்றது நான்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவன் சட்டையை முகர்ந்தது, சாவித் துவாரத்தில் கண் வைக்கிற மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சோறு போட்டது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு செய்தியும் வராவிட்டால் கெட்டதையே நினைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் என்னைவிட எவ்வளவோ மேல். அதற்குக் கிடைத்த ஒயர் அவ்வளவுதான். எனக்கு வாய் இருந்தது, எதிரில் தம்பியும் இருந்தான்.

பெட்ரோல் தொட்டுத் துடைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பாட்டரி பக்கத்தில் அது வேண்டாம் என்று விட்டேன். டிவி ரிப்பேர் கடையில் களிம்பு போக்குகிற ஸ்பிரே வாங்கிவந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவிட்டு மாட்டினேன். கடைசியாகப் பாட்டரியை இணைத்தேன். சாவியைத் திருப்பியபோது ஃபேன் ஓடவில்லை. ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது. புகையில் கறுப்பு இல்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். சொல்லலாம் என்று வாயெடுத்து, சோறு போடவா என்று கேட்டேன். நாளை, நாளை மறுநாள் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. டாங்குக்கு மறுபடி நான்கு நடை வந்தது. "தானா சரியாயிடுச்சிக்கா!" என்று அவன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு வீட்டுக்காரரின் போன் வந்தது. நான் முன்பே அவர் காதிலும் ஓதி வைத்திருந்தேனே. பெட்ரோல் இப்போது சரியாக இருக்கிறது என்றதும் சிரித்தார். "பாத்தியா மே, நீ கண்ணு வெச்சது தெரிஞ்சதும் நிறுத்திட்டான்!"

நான் ரிப்பேர் செய்தது அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. அவன் திருடன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. நான் சும்மா இருந்தால் சாகும்வரை அவன் திருந்திய திருடன்தான். "அவன் இல்லீங்க, நான்தான். மஞ்சத் தண்ணி ஊத்தி நான்தான் கெடுத்தேன்" என்றேன். பூத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காரில் ஏறி, கார்வேட்டிநகரத்துக்கு விடு என்றேன். ஊரைத் தாண்டியதும் ஒன்று விடாமல் சொன்னேன். மஞ்சள் தண்ணீர் என்றதும் தம்பி சிரித்தான். பெண்ணின் அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தை வந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"அஞ்சு மாசம்" என்றான். "ஒரு தபா கூட நீ என்ன நேரா கேக்கலியே யக்கா. கேட்டா பொய் சொல்வேன்னு நெனச்சியா?"

"ஆமாண்டா" என்றேன். அதற்கு மேலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பிறகு கியரைப் போட்டான்.

பெண்ணின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் மட்டும் வந்தது. அவரும் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்க, வண்டி, சென்சார், மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு முழுக்க என்னுது மாமா. எங்க தம்பி கை சுத்தம். அவன் மேல சந்தேகம் வெக்காதீங்க" என்று கை கூப்பினேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் பேசினார்.

"பையன் மேல எங்களுக்கு எப்பவும் சந்தேகம் இல்லம்மா. அன்னைக்கே இவரு வந்து சொன்னாரு, பையன் தங்கம்னு. எங்க பொண்ணு வந்து வாழப்போறது உன் வூட்ல. கூடப் பொறந்தவனையே அப்பிடி பாத்த நாத்தனாரு நீ, நாளைக்கு அவள எப்பிடி பாப்ப? அதான் நாங்க பேசாம இருந்துட்டோம்."

நான் தம்பியைப் பார்த்தேன். இல்லை, எங்க அக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருப்பதியிலயே தனியா ஒரு வூடு பாத்து வெச்சிடறேன். என் கூட இருக்க வேணாம்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. உள்பக்கம் திரும்பி, "காபி எடுத்துக்கினு வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டார்.